எட்டு வீதம் வீங்கும் என்றால், எந்தச் சுமையின் கீழ்?

மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். அங்கே ஒரு அட்டவணை இருக்கும். அதில் ஒரு வரி: வீக்கம் 8 சதவீதம், வீக்க அழுத்தம் (மண்ணை எழும்பவிடாமல் அடக்கத் தேவையான அழுத்தம்) 120 கிலோபாஸ்கல். "எட்டு வீதம் கூடவா, குறைவா?" என்று உடனே கேட்பார்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் காணியில் வீடு கட்ட நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. எட்டு வீதம் என்பது பாதிச் செய்தி. அந்த மண் சோதனையின் தொடக்கத்தில் எவ்வளவு காய்ந்திருந்தது, எவ்வளவு இறுகியிருந்தது, அதன் மேல் என்ன சுமை வைத்தார்கள், எந்தத் தண்ணீரை ஊற்றினார்கள் என்பவை மீதிப் பாதி. அந்த மீதி எழுதப்படாத அறிக்கையில் எட்டு என்று இருந்தாலும் ஒன்றுதான், பதினெட்டு என்று இருந்தாலும் ஒன்றுதான்.

கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மண் வீங்கும் என்ற பேச்சே புதிதாக இருக்கலாம். இங்கே வீட்டுக்காரர் பயப்படுவது தாழ்வதற்கு. கொலன்னாவை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை, முத்துராஜவெல போன்ற சதுப்புப் பகுதிகளில் தாவரம் அழுகிச் சேர்ந்த பீட் மண்ணும் சேற்றுக் களியும் கிடக்கின்றன. அவற்றின் மேல் பாரம் ஏறினால் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை அமைக்கும்போது பொறியியலாளர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்ததும் அந்தப் பீட்தான். மேட்டு நிலங்களில் கபுக் இருக்கிறது. அது பெரும்பாலும் கயோலினைட் என்ற கனிமமும் இரும்பு ஒக்சைட்டும் சேர்ந்த மண். தண்ணீர் பட்டாலும் பெரிதாக வீங்காது. தலைநகரைச் சுற்றிய மண் இப்படி. ஆனால் பெரிய ஆய்வுகூடங்கள் தலைநகரில்தான் இருக்கின்றன. ஜாவத்தை வீதியில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் குடிசார் பொறியியல் துறை, இவற்றைத் தவிர தனியார் கூடங்கள். ஆகவே மன்னாரின் கறுத்த களிமண்ணைச் சோதிக்க வேண்டுமென்றால் அதையும் வண்டியேற்றி இங்கே கொண்டுவருவதுதான் வழக்கம். சிக்கலில் ஒரு பகுதி அந்தப் பயணத்திலேயே தொடங்குகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறைகளின் மேல் கிடக்கிறது. வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும் மட்டும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். முருங்கனைச் சுற்றியும் துணுக்காய் பக்கமும் காணப்படும் மண்ணை மண்ணியலார் குருமுசோல் என்பார்கள். இப்போதைய வகைப்படுத்தலில் வெர்ட்டிசோல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். மாரி மழை இறங்கியதும் அந்த வெடிப்புகள் மூடிக்கொண்டு, காலை வைத்தால் செருப்பு திரும்பி வராத சேறாகும். கட்டுக்கரைக்குளத்தின் கீழ் நெல் விளைவிக்கும் விவசாயிக்கு அது தண்ணீர் பிடித்து வைக்கும் நல்ல மண். ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலைக்குக் களி போனதும் முருங்கனிலிருந்துதான். கட்டிடம் கட்டுகிறவனுக்குத்தான் அந்த மண் ஒத்துவருவதில்லை.

ஏன் வீங்குகிறது? காரணம் ஸ்மெக்டைட் குடும்பத்துக் கனிமங்கள், குறிப்பாக மொன்ற்மொறிலோனைட். சிலிக்கா அடுக்கு இரண்டு, நடுவில் அலுமினா அடுக்கு ஒன்று என்று மூன்றும் சேர்ந்து ஒரு தாள். அதன் தடிப்பு ஏறக்குறைய 1 நனோமீற்றர். இப்படியான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தாளின் உடம்பில் எதிர் மின்னேற்றம் மிச்சமாக இருப்பதால் அதைச் சமப்படுத்த சோடியம், கல்சியம் போன்ற அயன்கள் தாள்களுக்கிடையில் உட்கார்ந்திருக்கும். தாளைத் தாளோடு பிடித்து வைக்கும் பிணைப்பு பலவீனமானது. தண்ணீர் வந்தால் அயன்கள் அதை இழுத்துக்கொள்ளும், தாள்கள் விலகும். இடையில் கல்சியம் இருந்தால் விலகல் இரண்டு மூன்று நீரடுக்கோடு நின்றுவிடும். சோடியம் இருந்தால் நிற்காமல் தாள்கள் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும். கயோலினைட்டில் அடுக்குகளை ஐதரசன் பிணைப்பு இறுக்கிப் பிடித்திருப்பதால் உள்ளே தண்ணீருக்கு வழியில்லை. பொரலஸ்கமுவையில் தோண்டும் வெள்ளைக் கயோலின் பாத்திரம் செய்யப் போவதும் முருங்கன் களி அத்திவாரத்தைத் தூக்குவதும் இந்த வித்தியாசத்தால்தான். ஒரு கிராம் கயோலினைட்டின் மேற்பரப்பு 10 முதல் 20 சதுர மீற்றர். ஒரு கிராம் மொன்ற்மொறிலோனைட்டில் உள்ளும் புறமும் சேர்த்தால் 800 சதுர மீற்றர் வரை போகும். காணிக் கணக்கில் அது முப்பது பேர்ச்சுக்கும் மேல்.

இதே வீக்கத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள் என்பது வேடிக்கை. மாடிக் கட்டிடங்களுக்கு ஆழத் துளையிட்டுக் கொங்கிறீட் தூண் இறக்கும்போது துளை இடிந்து விழாமல் தாங்குவதற்குப் பெண்டனைட் குழம்பு ஊற்றுவார்கள். பெண்டனைட் என்பது பெரும்பாலும் மொன்ற்மொறிலோனைட். அங்கே நன்றாக வீங்காத மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள்.

சரி, ஆய்வுகூடத்துக்குள் போவோம். வீக்கச் சோதனை என்ற பெயரில் இரண்டு வேறு விதமான வேலைகள் நடக்கின்றன. ஒன்று, மண்ணின் சுபாவத்தை அறிவது. இது வீங்கக்கூடிய இனமா, இல்லையா? மற்றது, இந்த நிலத்தில், இந்த ஆழத்தில், இந்தக் கட்டிடத்தின் கீழ் எவ்வளவு வீங்கும் என்று அளப்பது. முதலாவது மலிவு, ஒரு நாளில் முடியும். இரண்டாவதுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், செலவும் கூட. முதலாவதின் எண்ணை எடுத்து இரண்டாவதின் கேள்விக்கு விடையாக வைப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு.

முதல் வகையில் எளியது சுதந்திர வீக்கச் சோதனை. 1956இல் ஹோல்ட்ஸ், கிப்ஸ் என்ற இரு அமெரிக்கப் பொறியியலாளர்கள் எழுதிவைத்த முறையில், உலர்ந்த மண் தூளை 10 மில்லிலீற்றர் அளந்து, 100 மில்லிலீற்றர் அளவுச் சாடித் தண்ணீரில் மெதுவாகக் கொட்ட வேண்டும். படிந்து முடிந்ததும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருமடங்கானால் வீக்கம் 100 சதவீதம். நல்ல பெண்டனைட் 1200 முதல் 2000 சதவீதம் வரை போகும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உலர்ந்த தூளின் 10 மில்லிலீற்றர் என்பது ஒவ்வொரு கைக்கும் வேறாக இருக்கும். ஒருவர் கொஞ்சம் தட்டி நிரப்புவார், இன்னொருவர் தளர்வாக விடுவார்.

இந்திய நியமமான ஐ.எஸ். 2720இன் 40ஆம் பகுதி அதைச் சரிசெய்த விதம் எனக்குப் பிடிக்கும். 425 மைக்ரோன் அரிப்பில் அரித்து அடுப்பில் காய வைத்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு பங்காக நிறுத்து எடுக்க வேண்டும். ஒரு பங்கைக் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் மற்றதை மண்ணெண்ணெயிலும் போட்டு, காற்றுக் குமிழ் போகக் கிளறி, 24 மணிநேரம் விட வேண்டும். மண்ணெண்ணெய்க்கு முனைவுத்தன்மை இல்லாததால் களித் தாள்களுக்கிடையில் அது புகாது. ஆகவே அந்தச் சாடியில் இருப்பது வீங்காத மண்ணின் கன அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணெண்ணெய்ச் சாடியிலுள்ள மண்ணின் கன அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் சுட்டெண் கிடைக்கும். 50க்குக் கீழ் என்றால் தாழ்வு, 100க்கு மேல் உயர்வு, 200ஐத் தாண்டினால் மிக உயர்வு.

ஆனால் நம்முடைய கபுக் மண்ணையோ பொரலஸ்கமுவைக் கயோலினையோ இந்தச் சோதனைக்குப் போட்டால் சில வேளைகளில் மறைப் பெறுமானம், அதாவது பூச்சியத்துக்குக் கீழான எண், வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தொழில்நுட்ப உதவியாளர் திகைத்துப்போவார். தண்ணீரில் போட்ட மண் சுருங்கிவிட்டதா என்ன? அப்படியல்ல. கயோலினைட் துணிக்கைகள் மண்ணெண்ணெயில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பொதபொதவென்று தளர்வாகப் படிகின்றன, தண்ணீரில் அதைவிட நெருக்கமாகப் படிகின்றன. மறைப் பெறுமானம் வந்தால் சோதனை பிழையென்று தூக்கியெறிய வேண்டாம், அது கயோலினைட் மிகுந்த மண் என்பதற்கான அடையாளம். இந்திய மண் பொறியியலாளர்கள் ஸ்ரீதரனும் பிரகாஷும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த வழி இன்னும் நேர்த்தி. வித்தியாசத்தை விட்டுவிட்டு இரண்டு கன அளவுகளின் விகிதத்தையே எடுங்கள் என்றார்கள். விகிதம் 1க்குக் கீழ் என்றால் வீங்காத இனம், 1.5 வரை கலப்பு, 2 முதல் 4 வரை உயர்ந்த வீக்கம். மறைப் பெறுமானம் என்ற குழப்பமே வராது.

அற்றர்பேர்க் எல்லைகளும் இதே வகைதான். மண் குழம்பாக ஓடத் தொடங்கும் ஈரமான திரவ எல்லை, உருட்டினால் உதிரத் தொடங்கும் ஈரமான பிளாஸ்டிக் எல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான பிளாஸ்டிக் சுட்டெண் ஆகியவற்றைப் பார்த்தாலே அனுபவசாலி மண்ணின் சாதியைச் சொல்லிவிடுவார். பிளாஸ்டிக் சுட்டெண்ணைக் களி வீதத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு 1953இல் பிரித்தானிய மண் பொறியியலாளர் ஸ்கெம்ப்டன் செயற்திறன் என்று பெயர் வைத்தார். 1.25க்கு மேல் போனால் செயலூக்கமுள்ள களி. சோடியம் மொன்ற்மொறிலோனைட் ஏழு வரை போகும், கயோலினைட் ஒன்றைக்கூட எட்டாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வெப்பமண்டல எச்ச மண்களை அடுப்பில் 105 பாகையில் காயவைத்தால் சில கனிமங்கள் திரும்ப முடியாதபடி மாறிவிடும், எல்லைகளும் மாறும். ஹலோய்சைட் என்ற களிக் கனிமம் கலந்த மண்ணில் இது நடக்கும். காற்றில் உலர்த்துவதே பாதுகாப்பு.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் மண்ணை இடித்துத் தூளாக்கி, நிலத்தில் அது இருந்த அமைப்பை அழித்துவிடுகிறோம். அதனால் சுபாவம் தெரியும், அளவு தெரியாது. சாடியில் 150 வந்த மண்ணின் மேல் வீடு ஒரு அங்குலம் எழும்புமா, நாலு அங்குலம் எழும்புமா என்று சாடி சொல்லாது.

அளவு தெரிய வேண்டுமானால் ஈடோமீட்டருக்குப் போக வேண்டும். 75 மில்லிமீற்றர் அளவு விட்டமும் 20 மில்லிமீற்றர் உயரமும் உள்ள உருக்கு வளையம் ஒன்று. கலையாத மண் மாதிரியை அதற்குள் பொருந்தச் செதுக்கி இறக்குவார்கள். கீழும் மேலும் நுண்துளைக் கல். நெம்புகோல் வழியாக மேலே சுமை. அப்புறம் தொட்டியில் தண்ணீர். உச்சியில் நிற்கும் அளவுமானி நூறில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அசைவைக் காட்டும். எட்டு வீதம் வீங்கியது என்றால் அந்த 20 மில்லிமீற்றர் மண் 1.6 மில்லிமீற்றர் எழும்பியது என்று பொருள். ஒரு வீட்டின் தலைவிதி அந்த 1.6ஐ வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே வளையத்தின் உட்சுவருக்குக் கிரீஸ் பூசாமல் விட்டால் உராய்வே வீக்கத்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும். செதுக்கும்போது ஓரத்தில் விழும் சின்ன இடைவெளியை மண் முதலில் நிரப்பிவிட்டுத்தான் மேலே எழும்பும். இதெல்லாம் கைப்பக்குவம் சார்ந்த விஷயம்.

ஊற்றியதும் முதல் நிமிடங்களில் ஊசி மெதுவாகத்தான் நகரும், பிறகு விறுவிறுவென்று ஏறும், பிறகு தணியும். நேரத்தை மடக்கை அளவில் வரைந்தால் படுத்த எஸ் வடிவம் வரும். அவசரக்காரர்கள் 24 மணிநேரத்தில் நிறுத்திவிடுவார்கள். இறுகிய, கொழுத்த களியில் ஒரு நாளுக்குப் பின்னும் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். வளைகோடு தட்டையாகும் வரை காத்திருந்தார்களா என்பதை அறிக்கையிலுள்ள வரைபடத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வரைபடம் இணைக்கப்படாத அறிக்கை என்றால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது பயணத்துக்கு வருவோம். முருங்கனிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். குழாயில் எடுத்த மாதிரியை இரண்டு முனையிலும் மெழுகூற்றி மூடி, அசையாமல் கொண்டுவந்தால் பிரச்சினையில்லை. பொலித்தீன் பையில் கட்டி, வெயிலில் பஸ் கூரையில் வந்து, பிறகு ஆய்வுகூட மூலையில் இரண்டு கிழமை கிடந்தால்? ஈரம் போய்விடும். ஈரம் போன களி தண்ணீருக்கு இன்னும் ஏங்கும், அதன் உறிஞ்சல் விசை கூடிவிடும். அதே மண், அதே இறுக்கம், ஆனால் தொடக்க ஈரம் குறைந்ததால் வீக்கம் கூடுதலாக வரும். காய்ந்து வெடித்த மாதிரி என்றால் அந்த வெடிப்புகள் வீக்கத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் எண் எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது. எந்த மாதத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதும் இதே கதைதான். தை மாதத்தில், மழை ஊறிய நிலத்தில் எடுத்த மாதிரி கூடத்தில் சாதுவாக நடந்துகொள்ளும். ஆவணியில் எடுத்தது துள்ளும். எதை நம்புவது? வீடு கட்டும் காலத்தில் நிலம் எவ்வளவு காய்ந்திருக்கும் என்பதை ஒட்டியதை. மழையில்லாத மாதங்களில்தான் அத்திவாரம் வெட்டுவோம். ஆகவே கோடை முடிவில் எடுத்த மாதிரிதான் உண்மையான ஆபத்தைச் சொல்லும் என்பது என் கட்சி.

சுமையின் கதை இதைவிடப் பெரிது. மாதிரியை இருத்தி வைக்கும் வெறும் 1 கிலோபாஸ்கல் சுமையில் வீங்கவிட்டால் வரும் எண்ணும் 50 கிலோபாஸ்கல் வைத்து வீங்கவிட்டால் வரும் எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும். அமெரிக்க நியமமான ஏ.எஸ்.ரி.எம். டி 4829இன் விரிவுச் சுட்டெண் சோதனையில் எல்லா மண்ணையும் ஒரே மாதிரி இறுக்கி, நிரம்பல் அளவை (மண்ணின் துளைகளில் தண்ணீர் பிடித்திருக்கும் பங்கை) 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, 6.9 கிலோபாஸ்கல் சுமையின் கீழ் நனைப்பார்கள். அது மண்களைத் தமக்குள் ஒப்பிடச் செய்த ஏற்பாடு. 90க்கு மேல் வந்தால் உயர்வு, 130க்கு மேல் மிக உயர்வு. அந்த 6.9 உங்கள் வீட்டின் சுமை அல்ல. ஒரு மாடி வீட்டின் சுவருக்குக் கீழே 0.6 மீற்றர் அகல அத்திவாரம் போட்டால் மண்ணுக்கு இறங்குவது சுமார் 30 முதல் 50 கிலோபாஸ்கல். நடுவிலுள்ள சிமெந்துத் தரையோ 100 மில்லிமீற்றர் தடிப்புக்கு இரண்டரைக் கிலோபாஸ்கல்கூட இல்லை. வீக்க அழுத்தம் 120 உள்ள மண்ணில் சுவரே தாக்குப்பிடிக்காது, தரையின் பாடு கேட்கவே வேண்டாம். அதனால்தான் இப்படியான நிலங்களில் முதலில் கூனிப்போவது தரை. கதவு இறுகி, நடுக்கூடம் மேடாகி, அதன் பிறகுதான் சுவர் மூலையில் வெடிப்பு வரும்.

வீக்க அழுத்தத்தையும் ஒரே எண்ணாக நினைத்துவிடக்கூடாது. அதை அளக்க மூன்று வழிகள் உண்டு. மண்ணை முழுக்க வீங்கவிட்டு, பிறகு சுமையை ஏற்றிக்கொண்டே போய், பழைய உயரத்துக்குத் திரும்பத் தேவைப்படும் அழுத்தத்தைக் குறிப்பது ஒன்று. தண்ணீர் ஊற்றிய கணத்திலிருந்தே எழும்பவிடாமல் சுமையைக் கூட்டிக் கூட்டிப் பிடித்து நிறுத்துவது இரண்டாவது, இதற்கு நிலைக் கனமுறை என்று பெயர். ஒரே மாதிரியான பல துண்டுகளை வெவ்வேறு சுமையில் வைத்து நனைத்து, ஏறவும் இறங்கவும் செய்யாத சுமையைக் கோட்டில் கண்டுபிடிப்பது மூன்றாவது. 1986இல் ஸ்ரீதரனும் அவருடைய சகாக்களும் இம்மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முதல் முறை எப்போதும் உயர்ந்த எண்ணைத் தந்தது, மூன்றாவது குறைந்ததை, நிலைக் கனமுறை இடைப்பட்டதை. வீங்கி முடிந்த மண்ணைத் திருப்பி நசுக்குவது வேறு வேலை, வீங்காமல் தடுப்பது வேறு வேலை. எழுந்தவனை அமர்த்த எழாமல் பிடிப்பதைவிடக் கூடப் பலம் வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் நாட்டு அறிக்கைகளில் பொதுவாக மேற்கோள் காட்டப்படும் ஏ.எஸ்.ரி.எம். டி 4546இல் முறைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். 1996ஆம் ஆண்டுப் பதிப்பில் சி முறை என்றால் நிலைக் கனமுறை. 2008இல் நியமத்தைத் திருத்தி எழுதியபோது எழுத்துகள் அப்படியே இருக்க, உள்ளே இருந்த முறைகள் மாறிவிட்டன. இப்போதைய சி என்பது நனைந்து வீங்கிய பிறகு சுமையேற்றும் முறை. ஆகவே "சி முறைப்படி" என்று மட்டும் எழுதிய அறிக்கை இரண்டில் எதைச் செய்தது என்று தெரியாது. பழைய புத்தகத்தில் படித்த பொறியியலாளரும் புதிய நியமத்தைப் பின்பற்றும் கூடமும் ஒரே எழுத்தைச் சொல்லி இரண்டு விஷயத்தைப் பேசுவார்கள். பதிப்பு ஆண்டையும் சேர்த்துக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்ணீர்கூடச் சும்மா தண்ணீர் இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் சோதித்தால் தாள்களுக்கிடையே உள்ள அயன் செறிவுக்கும் வெளியே உள்ளதற்கும் வித்தியாசம் அதிகம், நீர் உள்ளே பாய்வதும் அதிகம். உப்புத் தண்ணீரில் அந்த வித்தியாசம் குறைவதால் வீக்கமும் குறையும். மன்னாரின் கரையோரக் கிணறுகள் பல உவர். ஒருவர் உள்ளூர்த் தண்ணீரிலேயே சோதித்துப் பாருங்கள் என்று கேட்கலாம், அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் வீட்டுக் கூரையிலிருந்து வழிவது மழைநீர். பல மாரிகள் அது வடிந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனால் முதலில் அடங்கியிருந்த களி பின்னால் தலைதூக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் வந்த எண்ணை வைத்து வடிவமைப்பதே நான் பரிந்துரைப்பது.

வளையத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது? சதவீதத்தை ஆழத்தால் பெருக்கினால் போதும் என்று நினைப்பார்கள். மேல் 2 மீற்றர் மண் பருவத்துக்குப் பருவம் நனைந்து காய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு வீதத்தை அப்படியே பெருக்கினால் 160 மில்லிமீற்றர் வரும், வீட்டுக்காரர் காணியை விற்கவே யோசிப்பார். சரியான வழி மண்ணை அரை மீற்றர் அடுக்குகளாகப் பிரிப்பது. ஒரு கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன் எடையுள்ள மண்ணில் அந்த நான்கு அடுக்குகளின் நடுவில் மேல்மண்ணின் பாரம் முறையே 4.5, 13.5, 22.5, 31.5 கிலோபாஸ்கல். அந்தந்தச் சுமையில் சோதித்தபோது, கணக்குக்காக, 6, 4, 2.5, 1.5 சதவீதம் வீங்கியது என்று எடுத்தால் எழுச்சி 30, 20, 12.5, 7.5 மில்லிமீற்றர். மொத்தம் 70. கட்டிடத்தின் பாரத்தையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். அதிலும் வளையம் பக்கவாட்டில் இறுகப் பிடித்திருப்பதால் வீக்கம் முழுவதும் மேல்நோக்கியே போகிறது. நிலத்தில் வெடிப்புகள் முதலில் நிரம்ப வேண்டும், தண்ணீரும் எல்லா இடத்தையும் முழுதாக நிரப்புவதில்லை. ஆகவே கூடத்து எண் பெரும்பாலும் நிலத்தில் நடப்பதைவிடக் கூடுதலாகவே சொல்லும்.

ஆனால் 70 என்பதே வீட்டை உடைக்கும் எண் அல்ல. வீடு முழுவதும் ஒரே சீராக 70 மில்லிமீற்றர் எழும்பினால் உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. உடைப்பது வித்தியாசம். ஒரு மூலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான வித்தியாசம் தூரத்தில் 300இல் ஒரு பங்கைத் தாண்டினால் சுவரில் வெடிப்பு எதிர்பார்க்கலாம் என்று ஸ்கெம்ப்டனும் மக்டொனால்டும் 1956இல் கணித்தார்கள். மூன்று மீற்றர் அறையில் அது வெறும் 10 மில்லிமீற்றர். குளியலறைக் குழாய் ஒன்று ஒழுகி ஒரு மூலையை மட்டும் நனைத்தால் போதும். எதிர்மூலையில் வேம்பு நின்று ஈரத்தை உறிஞ்சினால் சொல்லவே வேண்டாம். எந்த ஆய்வுகூடமும் உங்கள் குழாய் எங்கே ஒழுகும் என்று சோதித்துச் சொல்லாது. அது வரைபடம் போடுகிறவரின் வேலை.

பரிகாரங்கள் தெரிந்தவைதான், நீட்ட வேண்டியதில்லை. மேல் மண்ணை எடுத்துவிட்டு வீங்காத கிரவல் நிரப்பலாம். சுண்ணாம்பு கலக்கலாம், 3 முதல் 8 சதவீதம் வரை. அங்கே கல்சியம் போய்ச் சோடியத்தின் இடத்தில் உட்காரும், நாளாக நாளாகச் சீமெந்துப் பிணைப்பும் உண்டாகும். இந்தியாவின் கரிசல் நிலத்துக்காக ரூர்க்கி மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ் விரித்த குத்துத்தூண்கள் பருவ அசைவு எட்டாத ஆழத்தில் கால் ஊன்றும். எதைச் செய்தாலும் செய்த பின் அதே ஈடோமீட்டரில் மறுபடி சோதித்தால்தான் பலன் தெரியும்.

கூடத்துக்கு மண் அனுப்புகிறவர் சோதனைக் கோரிக்கைப் படிவத்தில் "வீக்கச் சோதனை" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தக்கூடாது. மாதிரி எடுத்த ஆழம், மாதம், எத்தனை மாடி, அத்திவாரம் எவ்வளவு அகலம், தரை எப்படி என்பதை எழுதுங்கள். அந்த ஆழத்து மண்பாரமும் கட்டிடச் சுமையும் கூட்டிய அழுத்தத்தில் ஒரு துண்டு, தரையின் சுமையில் இன்னொரு துண்டு என்று கேளுங்கள். செலவு ஏறத்தான் செய்யும். தொடக்க ஈரப்பதனும் உலர் அடர்த்தியும் முடிவு ஈரப்பதனும் அட்டவணையில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்குத் தனிக் காசு இல்லை, எப்படியும் அதை அளந்துதான் இருப்பார்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்து வெடித்துப்போன வீடு என்றால் மண்ணை அனுப்ப முன்னரே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வெடிப்பின் இருபுறமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைத்தூரத்தை ஆவணிக் கடைசியிலும் தை மாதத்திலும் அளந்து திகதியோடு சுவரிலேயே எழுதுங்கள். மாரியில் நெருங்கி, கோடையில் மீண்டும் விரிந்தால் அல்லது நேர்மாறாக நடந்தால், நிலம் பருவத்தோடு மூச்சு விடுகிறது, ஈடோமீட்டருக்குக் காசு கட்டுவது வீணாகாது. இரண்டு பருவத்திலும் ஒரே பக்கமாக விரிந்துகொண்டே போனால் அது பெரும்பாலும் தாழ்வு. அப்போது கேட்க வேண்டிய சோதனையே வேறு.